ஆண்டாந்தேயில் விட்ட இடம்

ஆண்டாந்தே என்ற பாலே ஆடுகிற நாட்களில் யாத்விகா மாசுர் மேடையின் இடப்பக்கம், முதல் பக்கத்திரையை ஒட்டி நிற்பாள். கறுப்புக் கவுன், மணிக்கட்டில் ஊசிகள் குத்திய சின்ன மெத்தை, கழுத்தில் நாடாவில் தொங்கும் கத்தரி. ஆடுகிறவர்களின் உடையில் கொக்கி கழன்றால் ஓடித் தைக்க ஆள் வேண்டும் என்று காரணம் சொல்வாள். அவள் தைத்த கொக்கி ஒருநாளும் கழன்றதில்லை என்பது தியேட்டரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அவளை அங்கிருந்து போகச் சொன்னதில்லை.

அவள் நின்றதற்கு வேறு காரணம் இருந்தது. ஆட்டத்தின் நடுவே ஓரிடத்தில் வயலின்கள் சட்டென்று நின்றுவிடும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அந்த மௌனத்தில் மேடையில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் தலையைத் திருப்பி இடப்பக்கம் பார்ப்பார்கள். சரியாக யாத்விகா நிற்கிற இடத்தை. ஆனால் ஒரு கண்ணிலும் அவளைக் கண்ட அடையாளம் இருக்காது. அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பார்க்க வேண்டும், யாரையும் காணக் கூடாது. பிறகு மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டு தத்தம் இடத்துக்குப் போவார்கள். வரிசையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் நிற்கிறவள் அந்த வெற்றிடத்தை நோக்கிக் கையை நீட்டுவாள். திரை விழும்வரை அந்தக் கை யாரும் பிடிக்காமல் அப்படியே நிற்கும்.

அந்தக் காலியிடம் தன்னுடையது என்று யாத்விகாவுக்குத் தெரியும். சாவதற்குள் ஒரு தடவையாவது அதில் போய் நின்றுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு பெரிய ஆசை எதையும் அவள் வளர்த்துக்கொள்ளவில்லை.

ஆண்டாந்தேயில் கதை கிடையாது. இளவரசன் இல்லை, சூனியக்காரன் இல்லை, சாபத்தால் பறவையான பெண் இல்லை. வெறும் மேடை, பின்னால் சாம்பல்நீலத் துணி, அதே நிறத்தில் உடை, கம்பி வாத்தியங்களின் இசை, அவ்வளவுதான். முதல் வருஷம் வந்தவர்கள் எல்லாம் இதில் என்ன நடக்கிறது என்று கேட்டுக் குடைந்தார்கள். அதை அமைத்த அர்க்காடி செவெரின் பொறுமைக்காரர் இல்லை. ஒரு விருந்தில் ஒரு சீமாட்டி விடாமல் கேட்டபோது, "மழை பெய்யுறப்போ கதை கேக்குறீங்களா? நின்னு பாக்குறீங்கல்ல, அப்படிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு சாப்பாட்டுத் தட்டோடு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

ஆனால் ஜனங்களைக் கதை இல்லாமல் இருக்கச் சொன்னால் இருப்பார்களா? யுத்தம் வந்ததும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் அந்தக் காலியிடத்தைப் பார்த்து விசும்பினார்கள். பத்திரிகைக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா, ஒருவர் அந்தத் தலைதிருப்பலை விதியின் அழைப்பு என்றார், இன்னொருவர் தொலைந்த ஐரோப்பா என்றார். ஒரு பேராசிரியர் ஏதோ கிரேக்கப் பெயர் சொன்னார். வெளிநாட்டுக் குழுக்கள் அதை வாங்கி ஆடின. எங்கே ஆடினாலும் அந்த இடத்தை நிரப்பக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்கினார் செவெரின். இன்று இந்த ஊரில் கதை இல்லாமல் இசையை மட்டும் நம்பி ஆடுகிற எந்த ஆட்டத்தைக் கிளறினாலும் அடியில் ஆண்டாந்தே கிடக்கும். அவ்வளவு பெரிய பேர் எடுத்த ஆட்டம், ஒரு பியானோக் கிடங்கின் மாடியில், வேலை வெட்டி இல்லாத காலத்தில், யார் வந்தார்களோ அவர்களை வைத்துத் தொடங்கியது.

ஊரே வேலை இல்லாமல் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வருஷங்கள் அவை. செவெரின் ரஷ்யாவிலிருந்து கிளம்பி எங்கெங்கோ சுற்றி நியூயார்க் வந்து சேர்ந்திருந்தார். ஐம்பத்தெட்டாம் தெருவில் அந்த மாடியை வாடகைக்குப் பிடித்து நடன வகுப்பு நடத்தினார். மேலே பெண்கள் குதித்தால் கீழே கிடங்கில் யாரும் தொடாமலே பியானோக்கள் முனகும். புதிதாக வருகிறவர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் கீழ்வீட்டுக் கிழவர்கள் திட்டுகிறார்கள் என்று சிரிப்பார்கள்.

தேர்ந்த ஆட்டக்காரிகள் அவரிடம் இல்லை. பிராங்க்ஸிலிருந்து ஒரு தையற்காரர் மகள், கடையில் கையுறை விற்கிற ஒருத்தி, பெர்னீஸ் என்று வாயாடியான ஓர் ஐரிஷ்காரி, புரூக்ளின் கிரீன்பாயிண்டிலிருந்து யாத்விகா. அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்களுக்காக அன்றைக்கு அமைப்பார். ஒருத்தி வழுக்கினால் அந்த வழுக்கலையே அசைவாக்கிவிடுவார். ஒருத்தி தும்மினதைக்கூட விடவில்லை. கழுத்து ஒடிந்து நிமிர்கிற அந்த அசைவு மூன்றாம் பகுதியில் இன்னும் இருக்கிறது.

ஆட்டக்காரிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒத்திகைக்கு வராவிட்டால் அவள் இடத்தை நெருங்கி மூடிவிட மாட்டார்கள். அவள் அங்கே இருப்பதாகவே வைத்து விலகிப் போவார்கள், அவள் கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றில் கையை நீட்டுவார்கள். மூடிவிட்டால் அவள் திரும்பி வரும்போது இடித்துக்கொள்வார்கள் என்பது ஒரு காரணம். இடத்தை மூடுவது வராதவளைக் கை கழுவிவிடுவது போல என்பது இன்னொன்று.

யாத்விகாவோடு அவள் தங்கை பாஷாவும் வருவாள். அப்பா இல்லை, அம்மா சாயங்காலம் ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கப் போய்விடுவாள், எட்டு வயதுக் குழந்தையை எங்கே விடுவது? செவெரின் வேடிக்கை பார்க்கிறவர்களை உள்ளே விடமாட்டார். அதனால் பாஷா கதவோரம் நிற்பாள். பனியில் நடந்து வந்த கோட்டு நனைந்து சொட்டும். அக்காவின் ஆட்ட ஷூக்களைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பாள். குளிரில் ஷூ விறைத்துப் போனால் காலைக் கடிக்கும் என்று அவளே கண்டுபிடித்த வைத்தியம் அது. அவள் கொடுக்கிற ஷூ ரொட்டி அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும்.

"நான் கூப்பிடுற வரைக்கும் இங்கயே நில்லு," என்பாள் யாத்விகா. ஒத்திகை முடிந்து செவெரின் கோட்டை மாட்டிக்கொண்டு போனதும் கூப்பிடுவாள். பாஷா ஓடிவந்து அக்காவின் இடத்தில் நின்று, பார்த்ததையெல்லாம் ஆடிக்காட்டுவாள். கிளம்ப நேரமானவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். பெர்னீஸ் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள், குழந்தை உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி.

ஒருநாள் யாத்விகாவுக்கு எதுவும் சரியாக வரவில்லை, செவெரின் நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டார். அந்தக் கோபத்தில் அவள் பாஷாவைக் கூப்பிடவில்லை. கோட்டை இழுத்து மாட்டி, வா போகலாம் என்று விறுவிறுவென்று படி இறங்கிவிட்டாள். நாளைக்குக் கூப்பிடுவாயா என்று டிராம் முழுக்க பாஷா கேட்டுக்கொண்டே வந்தாள். சரி சரி நாளைக்கு என்றாள் யாத்விகா.

மறுநாள் இரண்டு பேருக்கும் செங்காய்ச்சல். நகராட்சி ஆள் வந்து கதவில் அட்டை ஒட்டிவிட்டுப் போனார், உள்ளே இருக்கிறவர் வெளியே வரக் கூடாது, வெளியே இருக்கிறவர் உள்ளே போகக் கூடாது. பாஷா பிழைக்கவில்லை. காய்ச்சலிலும் அந்த ஷூக்களை விடாமல் பிடித்திருந்தாள். அம்மா அவற்றைப் பிடுங்க மனம் வராமல் சவப்பெட்டியில் அப்படியே வைத்துவிட்டாள். நனைந்த கோட்டோடு அவளை நிற்கவைத்தது யார் என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யாத்விகா பல வருஷம் நினைத்தாள்.

அட்டை கிழித்த அன்று அவள் ஆட்ட ஷூ இல்லாமல், உடம்பில் சத்து இல்லாமல், நேராக ஐம்பத்தெட்டாம் தெருவுக்குப் போனாள். வீட்டில் இருக்க முடியவில்லை. மாடிப்படியில் வரும்போது மேலே இசை கேட்டது. கதவைத் தள்ளினாள். பியானோ வாசிக்கிறவர் கை நின்றது. ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. யாரும் குதிக்கவில்லை, ஆனால் கீழே பியானோக்கள் முனகிக்கொண்டிருந்தன.

செவெரின் மட்டும் பேசினார். மாசுர் வந்துவிட்டாளா என்று கேட்கவில்லை. "அசையாதீங்க. இப்படிப் பாத்தீங்கல்ல, இதை யாரும் மறக்கக் கூடாது," என்றார்.

தான் எங்கே நிற்க வேண்டும் என்று யாத்விகா கேட்டாள். அவள் இடம் அவளுக்காகவே திறந்து கிடந்தது, அவள் கண்ணால் பார்த்தாள். செவெரின் அருகில் வந்தார், தொடவில்லை. மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"உன் இடம் ஏற்கெனவே ரொம்ப நல்லா இருக்கு. அதை அப்படியே விட்டுரு, குழந்தை."

அவ்வளவுதான் அவளுடைய ஆட்ட வாழ்க்கை. பெர்னீஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளோடு படிவரைகூட வரவில்லை. மாசுர் வீட்டுப் பெண் செத்துப்போனாள் என்ற சேதி புரூக்ளினிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்திருக்கும், எந்தப் பெண் என்று தெரியாமல் தன்னையே நினைத்துவிட்டார்கள், செத்தவள் வந்து நின்றதாகப் பயந்துவிட்டார்கள் என்று யாத்விகா தானாகவே யோசித்துத் தெளிந்தாள். பயம் தெளிந்ததும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். கூப்பிடவில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அம்மாவை அடக்கம் செய்தாள். ஒருவன் கல்யாணத்துக்குக் கேட்டான், நல்லவன்தான், அவளோடு பேசும்போதெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொருவரிடமும் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்போது அவளுக்கு அது புரியவில்லை, சாக்கு என்று நினைத்தாள். செவெரினின் குழுவுக்குச் சொந்தத் தியேட்டர் கிடைத்தபோது உடையறைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தாள். செவெரின் அவளை நிமிர்ந்து பார்த்தார், தலையாட்டினார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் உடையறைப் பக்கம் வந்ததே இல்லை.

பெர்னீஸ் ஆடி ஓய்ந்து, புதிய பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளானாள். வெறும் காற்றில் கை நீட்டச் சொன்னால் பெண்களுக்கு வருவதில்லை, கடையில் மீதிச் சில்லறை வாங்குகிற மாதிரி நீட்டுவார்கள். அதனால் பெர்னீஸ் ஒரு கதை சொல்லுவாள்: அந்த இடத்தில் ஆடிய பெண் ஒத்திகைக்கு வரும் வழியில் பனியில் செத்துப்போனாள், அவளுக்காக விட்ட இடம் அது. அதைக் கேட்டதும் கை தானாகச் சரியாகிவிடும். பக்கத்து அறையில் பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே யாத்விகா தன் சாவை வருஷா வருஷம் காதால் கேட்டாள். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பழகிப்போனது.

செவெரின் போன பிறகு எல்லாப் பொறுப்பும் பெர்னீஸ் கைக்கு வந்தது. ஆண்டாந்தேயின் ஆண்டுவிழா நெருங்கியது. ஒரு காலை வேளையில் அவள் இரண்டு கோப்பைக் காப்பியோடு உடையறைக்கு வந்து துணிமூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சியில நீ வந்து உன் இடத்துல நில்லுடி," என்றாள்.

யாத்விகா வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினாள். கேலியா என்று கேட்டாள்.

"கேலி பண்ற வயசா நமக்கு? பொண்ணுங்க திரும்பிப் பாப்பாளுங்கல்ல, அப்ப நடந்து வா. காலியிடத்துல நில்லு. பக்கத்துல ஆடுற மார்னி கையப் பிடிச்சுப்பா. ஆட வேணாம், நின்னாப் போதும். உன்னைக் கொன்னு கொன்னு எனக்கே அலுத்துப்போச்சு."

யாத்விகா அழுதாள். அவள் அழுது பெர்னீஸ் பார்த்ததில்லை. காப்பிக் கோப்பையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அடுத்த நாட்களில் அவள் தனக்காக அந்தச் சாம்பல்நீல உடையைத் தைத்தாள். அடுத்தவருக்குத் தைத்துத் தைத்துப் பழகிய கை, தன் இடுப்பளவை எழுதும்போது வெட்கப்பட்டது. ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கண்ணாடியைப் பார்த்துத் திட்டிக்கொண்டாள், ஆனால் தைப்பதை நிறுத்தவில்லை.

மேடை ஒத்திகை வெள்ளிக்கிழமை மதியம். காலியிடத்துக்குப் பக்கத்தில் ஆடுகிறவள் மார்னி, ஒஹாயோவிலிருந்து வந்த பெண், நாக்கில் எதுவும் தங்காது. யாத்விகா எங்கிருந்து வருவாள், எந்த உயரத்தில் கை பிடிப்பது என்று இருவரும் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் சரியாக வந்தது. மார்னி தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் குழந்தையும் கூட வருமா, மிஸ் மாசுர்?"

எந்தக் குழந்தை என்றாள் யாத்விகா.

"நீங்க கூட்டிட்டு வர்ற குழந்தைதான். உங்க முழங்கையை ஒட்டி நிக்குமே. நான் பாக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க, ஆனா கண்ணு தானா அங்க போயிடுது." மார்னி குரலைத் தாழ்த்தினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கோட்டை யாராவது காயவச்சுக் குடுக்கலாம்ல? எப்பவும் ஈரமாவே நிக்குது, பாவம். உள்ள என்னமோ அணைச்சு வச்சிருக்கு, பூனைக்குட்டியா?"

யாத்விகா திரும்பி நடந்தாள். பக்கத்திரையை ஒட்டி அவள் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். பலகை அங்கே மட்டும் கறுத்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று மேடைத் தச்சர் இரண்டு தடவை அந்தப் பலகையை மாற்றியிருக்கிறார். அதற்கு நேர் மேலே ஒழுகக் கூரை இல்லை, விளக்குகள் தொங்கும் பாலம்தான் இருந்தது.

பெர்னீஸின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு நான் கதவைத் திறந்தபோது நீங்கள் எல்லாரும் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டாள். பெர்னீஸ் முதலில் பேச்சை மாற்றப் பார்த்தாள். பிறகு யாத்விகாவின் முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைத் துப்பினாள்.

"உன்னைப் பாக்கலைடி. நீ உயிரோட இருக்கேன்னு எங்களுக்குத் தெரியும். சின்னதுதான் போயிடுச்சுன்னு உங்க தெரு மிட்டாய்க் கடைக்காரர் போன்ல சொல்லிட்டார். உனக்காகத்தான் இடம் விட்டு வச்சிருந்தோம், நீ வருவேன்னு. நீ வந்தே. கூட அதுவும் வந்துச்சு. அதே கோட்டு. நெஞ்சோட ஷூவை அணைச்சுக்கிட்டு."

செவெரினும் பார்த்தாரா என்று யாத்விகா கேட்டாள்.

"அவர்தான் முதல்ல பாத்தார். உன்னை உள்ள விட்டா அதுவும் வந்துடும்னு பயந்துட்டார். எங்களுக்கும் பயம். குழந்தைக்குப் போய்ப் பயந்தோம், பாரு. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் திரும்புறப்போ எல்லாம் கண்ணை மூடிக்குவேன். பொண்ணுங்களுக்கும் எதையும் காணாதீங்கன்னு சொல்லிக்குடுத்தேன். கேட்டா, ஆட்டத்துல அப்படித்தான்னேன். செத்தது நீதான்னு ஒரு கதை கட்டி விட்டேன், யாரும் துருவிக் கேக்காம இருக்க. வருஷமாச்சு, சின்ன வயசுல என்னமோ நினைச்சிட்டோம்னு இருந்தேன். இல்லேன்னா உன்னைக் கூப்பிட்டிருப்பேனா?"

யாத்விகா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. தொழிற்சாலையிலும், டிராமிலும், அம்மாவின் அடக்கத்திலும், கல்யாணத்துக்குக் கேட்டவன் முன்னாலும், இத்தனை வருஷமும் குழந்தை ஈரக் கோட்டோடு நின்றிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தான் குனிந்து பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீ வருவேல்ல?" என்றாள் பெர்னீஸ். "வர்றதுன்னா தனியா வாடி. கெஞ்சிக் கேக்குறேன்."

வருகிறேன் என்று மட்டும் யாத்விகா சொன்னாள்.

ஞாயிறு மதியம் தியேட்டர் நிரம்பி வழிந்தது. யாத்விகா சாம்பல்நீல உடையை உடுத்தி, முடியை இழுத்துக் கட்டி, தன் வழக்கமான இடத்தில் நின்றாள். மணிக்கட்டில் மெத்தை இல்லாமல் கை லேசாக இருந்தது. வெளிச்சம் ஏறியது, இசை தொடங்கியது. வழுக்கல் வந்து போனது, தும்மல் வந்து போனது. வெற்றிடம் பெண்களுக்கு நடுவே, அவளுக்காகவே வெட்டித் தைத்த மாதிரி, நகர்ந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அது வேண்டியிருந்தது. அங்கே போய் நிற்க உடம்பு முழுக்க ஏங்கியது. பொய் இல்லை, கடைசி நொடிவரை அவள் போவதாகத்தான் இருந்தாள்.

வயலின்கள் நின்றன. பெண்கள் தலையைத் திருப்பினார்கள். எதிர்ப்பக்கத் திரையோரம் பெர்னீஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. பெண்களில் மார்னியின் பார்வை மட்டும் கீழே, யாத்விகாவின் முழங்கை உயரத்துக்கு இறங்கியது. யாத்விகாவும் அங்கே குனிந்து பார்த்தாள். இருட்டுத்தான் இருந்தது. ஆனால் அவள் கையை ஈரக் கம்பளி உரசியது. பனியும் நனைந்த துணியும் கலந்த அந்த டிராம் வாசனை வந்தது. மேடைக்கு அடியில், பியானோ எதுவும் இல்லாத அந்தத் தியேட்டரில், ஏதோ முனகியது.

நான் இப்போது நடந்து போனால் அவள் இங்கேயேதான் நிற்பாள் என்று யாத்விகா நினைத்தாள். கூப்பிடுகிறவரை நிற்கச் சொன்னேன், அவள் சொன்ன பேச்சு கேட்கிற குழந்தை. இருக்கிற இடமோ ஒன்றுதான்.

அவள் ஓர் அடி பின்வாங்கி வழி விட்டாள்.

"போ, பாஷா," என்றாள். "இப்ப கூப்பிடுறேன். போய் நில்லு."

கம்பளி உரசல் கையை விட்டு நகர்ந்தது.

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தத்தம் இடத்துக்குப் போனார்கள். யாத்விகா வராததைக் கண்ட மார்னி ஒரு கணம் தடுமாறி, பழையபடி காற்றில் கையை நீட்டினாள். அந்தக் கை அங்கேயே நிற்கவில்லை. யாரோ இழுத்த மாதிரி மெல்லத் தாழ்ந்து, ஒரு குழந்தையின் உயரத்துக்கு வந்து, மூடிக்கொண்டது. மார்னியின் விரல்கள் சும்மா மூடிய விரல்கள் இல்லை. நடுவே எதையோ பிடித்திருந்தன.

வரிசை நகர்ந்தது. வெற்றிடமும் கூடவே நகர்ந்தது, ஆனால் இதுவரை இல்லாத ஒரு துள்ளலோடு. திரை விழுந்ததும் கை தட்டினார்கள். மறுநாள் பத்திரிகைகள் அந்தக் கை தாழ்ந்ததற்கு ஆளுக்கொரு அர்த்தம் எழுதின, ஒன்றும் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்த காட்சியிலிருந்து அந்த இடம் வெறும் இடமாகிவிட்டது என்று ஆடுகிறவர்கள் சொல்கிறார்கள். நீட்டிய கையில் முன்பு பட்ட குளிர் இப்போது படுவதில்லை.

பெர்னீஸ் மேடையைக் குறுக்கே ஓடி வந்தாள். தரையில் இடப்பக்கத்திலிருந்து நடுவரை சின்னச் சின்ன ஈரத் தடங்கள் விளக்குச் சூட்டில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி போகலை? இத்தனை வருஷம் இதுக்காகத்தானே நின்னே?"

யாத்விகா தரையில் உட்கார்ந்திருந்தாள். கறுத்த பலகைமேல், குழந்தை நின்ற இடத்தில், ஒரு ஜோடி ஆட்ட ஷூ இருந்தது. நுனி தேய்ந்து, அவளே பல்லால் நூலறுத்துத் தைத்த பழைய நாடாவோடு. அம்மா பெட்டிக்குள் வைத்ததை அவள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். ஒன்றை எடுத்து உள்ளே கையை விட்டாள். சூடாக இருந்தது.